துவாவா? ஜெபாட்டா?

வீரர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, "இவருள் மேலானவர் எவர்?" என்று ஒரு கேள்வியை விடுத்தால் போதும், அயர்ந்து கிடப்பவனும் எழுந்து உட்கார்ந்து தன் தீர்ப்பைச் சொல்லுவான். கர்ணனா அருச்சுனனா என்றும், கும்பகர்ணனா விபீடணனா என்றும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வந்திருக்கின்றனர். கடல் கடந்து கடாரத்தில் குடியேறிய பின்னரும் அப்பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. சுங்கைப்பட்டாணியிலும், கூலிமிலும், பீடோங்கிலும் வாழும் தமிழர், இந்நாட்டுப் பள்ளிகளில் பயிலும் தம் மக்கள் வாயிலாக மற்றுமொரு வழக்கையும் தமதாக்கிக் கொண்டுள்ளனர். ஹங் துவாவா, ஹங் ஜெபாட்டா என்பதே அவ்வழக்கு.

இவ்வழக்கில் ஒரு விந்தை உண்டு. இருவருள் எவரும் மாசற்றவர் அல்லர். ஆதலின் இதனை நல்லவனுக்கும் தீயவனுக்கும் நடந்த போர் என்று எளிதில் முடித்துவிட இயலாது. குறையுடைய இருவரை மோதவிட்டு, நம்மை நடுவராக அமர்த்துகிறது கதை. அவ்வாசனத்தில் அமருமுன் கதையைச் சிறிது நோக்குவோம்.

மலாய் இலக்கியத்தில் பெரும் புகழ் பெற்றது ஹிக்காயாட் ஹங் துவா. ஆசிரியர் பெயர் அறியப்படாத அப்பெருங்கதையை 2001-ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. மலாக்கா அரசனின் மெய்க்காவலர்களுள் தலையாயவன் துவா. அவனோடு உடன்பிறந்தான் போல் வளர்ந்த தோழன் ஜெபாட். துவா பல மொழி கற்றவன். நம்மவர் மொழியையும் கற்று, "கெலிங்" நாட்டுக்குத் தூது சென்று, கிருஷ்ணராயரின் அவையில் நின்றான் என்றும் அக்கதை கூறுகிறது.

அத்தகையவன்மீது பொறாமை கொண்டவர்கள், அரண்மனைப் பெண்ணொருத்தியோடு தகாத உறவு கொண்டான் என்று அரசனிடம் கோள் மூட்டினர. அரசன் ஒரு சாட்சியையும் அழைத்தானில்லை. குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்டானுமில்லை. "கொல்லுங்கள்" என்றான். முதலமைச்சராகிய பெண்டாஹாரா அவ்வாணையை நிறைவேற்றாது துவாவை மறைத்து வைத்தார். துவா மாண்டான் என்றே நம்பிய ஜெபாட், துவாவின் பதவியையும் தாமிங் சாரி என்னும் புகழ்பெற்ற கிரிஸ் கத்தியையும் பெற்றான். பின்னர் அரசனை எதிர்த்தெழுந்து அரண்மனையைக் கைப்பற்றினான். அரசன் ஓடினான். ஜெபாட்டை அடக்கவல்லவர் நாட்டில் எவருமில்லை. அப்போதுதான் துவா உயிரோடிருக்கும் செய்தி வெளிப்பட்டது. தன்னைக் கொல்லச் சொன்ன அரசனின் ஆணையை ஏற்று, தன்பொருட்டுக் கலகம் செய்த தோழனைக் கொல்லப் புறப்பட்டான் துவா. சூழ்ச்சியால் தாமிங் சாரியை மீட்டு, ஜெபாட்டைக் குத்தினான். குத்துண்ட ஜெபாட் காயத்தைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் நகரில் வெறியாட்டம் ஆடி, எதிர்ப்பட்டோரையெல்லாம் வெட்டி வீழ்த்திய பின்னர்த் துவாவின் மடியிலேயே உயிர் நீத்தான்.

இக்கதையைப் படித்தோர் என்ன கருதினர்? நெடுங்காலம் வரை தீர்ப்பு ஒரே வகையாய் இருந்தது. துவா விசுவாசி, ஆகவே வீரன். ஜெபாட் துரோகி, ஆகவே அழிந்தான். சேஜாரா மெலாயு என்னும் மற்றொரு பழநூலில் கலகம் செய்பவன் ஜெபாட் அல்லன், ஹங் கஸ்தூரி. கத்தி சிக்கிக்கொண்டபோது கஸ்தூரி துவாவுக்கு அதனைப் பிடுங்கிக்கொள்ள இடம் தந்தான். கஸ்தூரியின் கத்தி சிக்கியபோதோ துவா அவனைக் குத்திவிட்டான். இது முறையோ என்று கேட்டவனுக்கு, துரோகியிடம் முறை பார்க்க வேண்டுவதில்லை என்று விடை வந்தது. துரோகி என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் பின்னர் அவனுக்கு எந்த நியாயமும் கிடையாது என்னும் கொள்கை அன்றே இருந்தது போலும்!

ஆனால் காலம் மாறிற்று, படிப்போரும் மாறினர். 1956-ல் ஃபணி மஜும்தார் இயக்கத்தில் பி. ரம்லி துவாவாக நடித்த படம் வெளிவந்தது. அதன் முடிவில், நியாயம் தன் பக்கமா ஜெபாட் பக்கமா என்று துவாவே ஐயுறுகிறான். 1959-ல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் ஆய்வுரையில் ஜெபாட்டையே உண்மை வீரனாக எடுத்துக்காட்டினார். அவர் நமது கெடாவில் 1933-ல் பிறந்த காசிம் அகமது. அவ்வுரை 1964-ல் நூலாக வெளிவந்தது. இதற்கிடையே 1961-ல் ஹுசேன் ஹனிஃப் இயக்கிய "ஹங் ஜெபாட்" படமும், ஜெபாட்டின் சாவை ஒரு வீரனின் சாவாகவே காட்டிய உஸ்மான் அவாங்கின் நாடகமும் தோன்றின. இன்று மலாக்காவின் புகழ்பெற்ற வீதியொன்று ஜெபாட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலேசியக் கடற்படையின் போர்க்கப்பலொன்றும் அப்பெயரோடு மிதக்கிறது. அரசை எதிர்த்தவனின் பெயரை அரசே தன் கப்பலுக்குச் சூட்டியதென்றால், வாசகரின் கருத்து எத்துணை வலியது என்பதை உணரலாம்.

பழந்தீர்ப்பை இவ்வாறு மறு விசாரணைக்குக் கொண்டுவருதல் நமக்குப் புதிதன்று. புலவர் குழந்தை 1946-ல் "இராவண காவியம்" இயற்றினார். 1948-ல் சென்னை அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. 1971-ல்தான் தடை நீங்கிற்று. இலங்கை வேந்தன் மாண்டது எந்நாளோ! ஆயினும் அவன் வழக்கைத் திரும்ப எடுப்பது ஆட்சியாளரை நடுங்கச் செய்தது. ஏன்? கதையில் எவன் வீரன் என்று தீர்மானிப்பவன், நாளை வாழ்விலும் எவன் வீரன் என்று தீர்மானிக்கத் தொடங்குவான். அச்சம் அதுதான்.

ஆகவே இவ்வழக்கை நாமும் எடுத்துக்கொள்வோம். முதலில் துவாவின் பக்கம் நின்று பேசுவோம். அவன் கோழை அல்லன். தன்னலம் கருதியவனும் அல்லன். ஒவ்வொருவனும் தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குப் பழிவாங்கக் கத்தியெடுத்தால் நாடு என்னாகும் என்று அவன் எண்ணியிருக்கலாம். ஜெபாட்டின் மூன்று நாள் வெறியாட்டம் அவ்வெண்ணத்தை மெய்ப்பிப்பது போலவே அமைந்துள்ளது. இவை யாவும் உண்மையே. ஆனால் அந்த விசுவாசத்தின் விலை யாது? அரசன் விரும்பினான் என்பதற்காக, இந்திரபுரத்துத் துன் தேஜாவைத் தன்மேல் காதல் கொள்ளச் செய்து, அவளைக் கொணர்ந்து அரசனிடம் ஒப்படைத்தவன் இவன். ஒரு பெண்ணின் நெஞ்சத்தைக் காட்டிலும் எசமானின் ஆசை பெரிதென்று கொண்டவனுக்கு, தோழனின் உயிரைக் காட்டிலும் எசமானின் சினம் பெரிதாகத் தோன்றியதில் வியப்பென்ன? கும்பகர்ணனும் செஞ்சோற்றுக் கடன் கழித்தவனே. ஆயினும் அவன் போருக்குப் போகுமுன், "நீ செய்தது தவறு, சீதையை விட்டுவிடு" என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான். துவாவோ, "நான் குற்றமற்றவன், விசாரித்திருக்க வேண்டாவா?" என்று கேளாமலே கத்தியை ஏந்திச் சென்றான்.

இனி ஜெபாட். தோழனுக்காகப் பொங்கியெழுந்த அவ்வுள்ளம் பெருமைக்குரியது. நாட்டில் எல்லோரும் வாய்மூடி இருந்தபோது, அநீதியை அநீதி என்று கண்டவன் அவன் ஒருவனே. ஆனால் எழுந்தவன் செய்தது யாது? அரண்மனையைப் பிடித்தான், அரசனின் ஆடம்பரங்களையும் அந்தப்புரத்தையும் தனதாக்கிக் கொண்டான். அரசன் இருந்த இடத்தில் தான் இருந்தான். வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. முடிவில் அவன் கத்திக்கு இரையானவர் யாவர்? கோள் சொன்னவர்களா? ஆணையிட்டவனா? அல்லர், தெருவில் நடந்த மலாக்கா மக்கள். "அமோக்" என்ற மலாய்ச் சொல் இன்று உலகமொழிகள் பலவற்றில் புகுந்துவிட்டது. கோபத்துக்குக் காரணமானவனைத் தொடமுடியாத கை, கண்ணுக்கு எட்டியவரையெல்லாம் வெட்டுகிற நிலைக்கு அச்சொல் பெயர். மதுரையை எரித்த கண்ணகியும் கோபத்தின் உருவமே. ஆயினும் முதியோரையும் குழவியரையும் விலக்கித் தீயோரையே சேர்க என்று தீக்கு எல்லை வகுத்தாள் அவள். ஜெபாட்டின் கோபத்துக்கு எல்லை இல்லை.

அங்ஙனமாயின் நம் தீர்ப்பு யாது? இங்கேதான் நாம் வாசகரை ஒரு கணம் நிற்க வேண்டுகிறோம். துவாவின் கையைப் பார்த்தோம். ஜெபாட்டின் கையைப் பார்த்தோம். இருவரையும் களத்தில் இறக்கிவிட்டு அமைச்சர் வீட்டில் ஒதுங்கியிருந்த மூன்றாமவனைப் பார்த்தோமா? கோள் கேட்டு ஆணையிட்டவன் அவன். அவ்வாணை தவறென்று தெரிந்த பின்னரும், அதனால் விளைந்த கலகத்தை அடக்கத் தவறிழைக்கப்பட்டவனையே அனுப்பியவனும் அவன். கூடியிருப்போர் துவா என்றும் ஜெபாட் என்றும் மேசையைத் தட்டி வாதாடுகின்றனர். அம்மூன்றாமவன் பெயரை எடுப்பார் அரியர். இருவரை மோதவிடும் கதைகளின் தந்திரம் இது: மோதுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், மோதவிட்டவனைப் பார்ப்பதில்லை.

பாண்டியனும் ஆராயாமல்தான் கோவலனைக் கொல்லச் சொன்னான். ஆனால் உண்மை தெரிந்த கணத்தில் தன்னையே கள்வன் என்று கண்டு, அரியணையிலேயே உயிர்விட்டான். தன் பிழைக்குத் தானே விலை கொடுத்தான். மலாக்கா அரசனின் பிழைக்கோ விலை கொடுத்தவர்கள் துவாவும் ஜெபாட்டும் ஊர்மக்களும். மன்னன் ஆராய வேண்டும் என்பது மலாய் மக்கள் அறியாத நீதியன்று. சேஜாரா மெலாயுவிலேயே, சங் சபுர்பாவுக்கும் டெமாங் லேபார் டாவுனுக்கும் நடந்த உடன்படிக்கை ஒன்று கூறப்படுகிறது. குடிகள் மன்னனுக்குத் துரோகம் செய்யலாகாது. மன்னன் குடிகளை இழிவுபடுத்தலாகாது. மன்னன் வழியினர் முதலில் வாக்கு மாறினால் குடிகளின் வழியினரும் மாறுவர் என்பதும் அதனுள் அடங்கும். விசுவாசம் என்பது இருபுறமும் கட்டிய கயிறு. ஒரு முனையை ஒருவன் அறுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நில் என்று சொல்வானாயின், அது விசுவாசமன்று, அடிமைத்தனம்.

இது நிற்க. பழங்கதை நமக்கெதற்கு என்று கேட்பார் உளர். கெடாவின் இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு கேளார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாய் நிற்க வேண்டும். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெறும் கங்காணி ஒருபுறம். கணக்கெழுதும் கிராணி ஒருபுறம். எல்லோருக்கும் மேலாகத் துரை. நிறுவையில் குறைவு என்றாலும், பேர் விடுபட்டது என்றாலும், "சரிங்க" என்பதே விடை. கங்காணியும் நம்மவனே, அவனும் ஏவலாளே. ஆயினும் தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிந்த பகைவன் அவன்தான். துரைக்கு மேலே சீமையில் இருந்த பங்குதாரனை எவர் கண்டார்?

அந்தி சாய்ந்ததும் கள்ளுக்கடை. பகலெல்லாம் விழுங்கிய சொற்கள் அங்கே வெளிவரும். அடிதடி நிகழும். ஆனால் அடி எவர்மேல் விழுந்தது? பக்கத்து வீட்டுக்காரன்மேல், மனைவிமேல், பிள்ளைகள்மேல். காலையில் பெரட்டுக் களத்தில் துவாவாக நின்ற அதே மனிதன், மாலையில் லயத்து வாசலில் ஜெபாட்டாக ஆடினான். அடக்கமும் வெறியும் இரு வேறு குணங்கள் அல்ல என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக எடுத்துரைக்க நம்மால் இயலாது. கேட்க வேண்டிய இடத்தில் கேளாத கேள்வி, கேட்கத் தகாத இடத்தில் அடியாக விழுகிறது. அவன் அமைதியையும் எசமான் விரும்பினான்; அவன் வெறியையும் எசமான் அஞ்சவில்லை. ஏனெனில் இரண்டும் எசமானைத் தீண்டவில்லை.

அப்படியாயின் அடங்குதல், வெறிகொள்ளுதல் என்னும் இவ்விரண்டையன்றி மூன்றாவது வழி உண்டோ? உண்டு என்கிறது கெடாவின் சொந்தக் கதை. மரோங் மகாவங்சா என்னும் கெடா வரலாற்றுக் கதையில் கோரைப்பல் அரசன் ஒருவன் வருகிறான். ராஜா பெர்சியோங் என்று அவனை மக்கள் அழைப்பர். சமையற்காரனின் விரல் அறுபட்டுக் கீரைக் குழம்பில் கலந்த இரத்தத்தின் சுவைக்கு ஆட்பட்டு, நாளும் மனித உயிரைப் பலிகொள்ளத் தொடங்கினான் அவன். அவன் பிடுங்கி எறிந்த பல் விழுந்த இடமே பாலிங் என்று இன்றும் கதை சொல்வர். கெடா அரச குடும்பத்தில் பிறந்து நாட்டின் முதற் பிரதமரான துங்கு அப்துல் ரகுமானே இக்கதையை எழுத, அது 1968-ல் திரைப்படமாயிற்று.

அவ்வரசனை என் செய்தார்கள்? ஒரு துவா அவன் ஆணைக்குத் தலைவணங்கி நாள்தோறும் பலிகொணர்ந்து தரவில்லை. ஒரு ஜெபாட் தனியே புகுந்து ஊரை இரத்தக் களமாக்கவுமில்லை. அமைச்சர்கள் கூடினர், ஆராய்ந்தனர், முதலில் எடுத்துரைத்தனர், கேளாதபோது ஒன்றுபட்டு எழுந்து அவனை நாட்டை விட்டு ஓட்டினர். எழுச்சியும் இருந்தது, ஆராய்ச்சியும் இருந்தது. பகைவன் எவன் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அவனன்றி வேறெவரும் பகைவரல்லர் என்பதிலும் ஐயமில்லை.

இதே மண்ணில், இரண்டாம் உலகப் போருக்குப் பின், நம்மவரும் அவ்வழியை ஒருமுறை நாடினர். பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. அது தன் முதற்பகையாகக் கொண்டது கங்காணியையுமன்று, பக்கத்து வீட்டானையுமன்று; கள்ளுக்கடையை. பகலின் அடிமைத்தனத்தை இரவின் வெறியாக மாற்றித் தரும் அவ்வாலையை அடைத்தால்தான், வாங்கும் கூலியைப் பற்றியும் வாழும் வீட்டைப் பற்றியும் தெளிந்த தலையோடு பேச இயலும் என்று அவர்கள் கண்டனர். 1947-ன் தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை முன் நடந்த மறியலில் போலீசாரோடு மோதல் மூண்டு, தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். அவர் பெயரில் கப்பலில்லை, வீதியுமில்லை.

கூடி எழுந்தவர் எக்காலமும் வென்றனர் என்று நாம் கூறவில்லை. கோரைப்பல் அரசனை ஓட்டிய அமைச்சர்கள், அவன் வழித்தோன்றலையே தேடி அரியணையில் அமர்த்தினர். 1948 சூன் மாதத்தில் அவசர நிலை அறிவிக்கப்பட்டதும், தொழிலாளர் அமைப்புகள் பல சிதைந்தன. பின்னர்த் தோட்டங்களே துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை எழுந்தது. மக்கள் நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆகவே மூன்றாவது வழி எளிய வழி என்று எவரும் எண்ணவேண்டா. ஆனால் முதலிரண்டு வழிகளும் எவரை அழித்தன என்பதை எண்ணிப் பார்க்க. துவாவின் வழியில் தோழன் மாண்டான். ஜெபாட்டின் வழியில் ஊர் மாண்டது. இருவழியிலும் அரசன் மட்டும் திரும்பி வந்து அரியணையில் அமர்ந்தான்.

மற்றும் ஒன்று. ஜெபாட்டுக்காக வாதாடிய காசிம் அகமது 1976-ம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டு, 1981 வரை சிறையில் இருந்தார். விசாரணையின்றி ஒருவனைச் சிறையில் வைக்க இடந்தந்த சட்டம் அது. 1960-ல் இயற்றப்பட்டு, 2012-ல் நீக்கப்பட்டது. ஆராயாமல் கொல்லச் சொன்ன அரசனின் கதையை ஆராய்ந்தவரே, ஆராயாமல் அடைக்கப்பட்டார். அவருடைய கருத்துகள் எல்லாம் நமக்கு உடன்பாடா என்பது வேறு வினா. உடன்பாடில்லாதவனுக்கும் விசாரணை உண்டு என்று சொல்லக் கூடாதவன், துவாவையும் ஜெபாட்டையும் பற்றிப் பேசத் தகுதியற்றவன்.

ஆகவே, அடுத்த முறை எவரேனும் "துவாவா? ஜெபாட்டா?" என்று கேட்டால், நம் வாசகர் உடனே பக்கம் சேர்ந்துவிட வேண்டா. "ஆணையிட்டவன் யார்? அவன் விசாரித்தானா?" என்று முதலில் கேட்க. வீட்டில் பிள்ளைகள் இருவர் சண்டையிட்டாலும், ஆலையில் தொழிலாளர் இருவர் மோதினாலும், ஒரு நாட்டில் வாழும் இரு இனத்தார் ஒருவரையொருவர் பகைத்து நின்றாலும், கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே. விசுவாசத்தைப் போற்றுவோம், அது கேள்வி கேட்கும் விசுவாசமாயின். சினத்தையும் போற்றுவோம், அது குறி தவறாத சினமாயின். இரண்டையும் இணைக்கும் ஆராய்ச்சி எவனிடம் உளதோ, அவனையே வீரன் என்போம். கத்தி அவன் கையில் இல்லாவிடினும் குறைவில்லை.